அவுட்போர்டு எஞ்சினை மெதுவோட்டத்தில் இயக்கும் முறை

மெதுவாக ஓட்டினால், படகின் பின்பலகையில் வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சின் நெடுநாள் உழைக்கும் என்ற எண்ணம் படகு வைத்திருப்பவர்கள் பலரிடமும் ஆழமாக ஊன்றியிருக்கிறது. ஆனால் தூண்டிலை இழுத்துக்கொண்டு மணிக்கணக்கில் ஊர்ந்து செல்பவர்களும், நெருக்கமான படகுத்துறைகளுக்குள் நாள்தோறும் நுழைந்து வெளியேறுபவர்களும் ஒரு கட்டத்தில் இதற்கு நேர்மாறானதைக் காண்கிறார்கள். முழு வேகத்தில் எந்தக் குறையும் இல்லாமல் ஓடும் அதே எஞ்சின் மெதுவோட்டத்தில் இருமுகிறது, புகைகிறது, கியரைப் போட்டதும் நின்றுவிடுகிறது. பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனால் ஸ்பார்க் பிளக்கை மாற்றித் தருகிறார். இரண்டு வாரத்தில் அதே தொல்லை திரும்பி வருகிறது. இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான்: மெதுவோட்டத்தில் எஞ்சினுக்குப் போதிய சூடு கிடைப்பதில்லை. இதை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்வரும் முறைகள் ஒவ்வொன்றும் ஏன் தேவைப்படுகின்றன என்பது எளிதில் விளங்கும்.

சூடு குறைவதால் உள்ளே நடப்பது

காரின் எஞ்சினில் ஒரே குளிர்விப்பு நீர் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது. எஞ்சின் சூடாகும்போது அந்த நீரும் சூடாகிறது. பெரும்பாலான அவுட்போர்டு எஞ்சின்களோ படகின் அடியிலிருந்து புதுத் தண்ணீரை இடைவிடாமல் உறிஞ்சி, எஞ்சினுக்குள் செலுத்தி, வெளியே கொட்டிவிடுகின்றன. கடலோ ஏரியோ, குளிர்ந்த நீருக்கு அங்கே முடிவே இல்லை. முழு வேகத்தில் நிமிடத்துக்கு 5,000 முதல் 6,000 சுற்று வரை ஓடக்கூடிய எஞ்சின், ஐட்லிங்கில், அதாவது வேகம் கொடுக்காமல் விட்ட நிலையில், ஏறக்குறைய 600 முதல் 900 சுற்று மட்டுமே ஓடுகிறது. அப்போது எரியும் பெட்ரோல் சொற்பம். அதனால் பிறக்கும் வெப்பமும் சொற்பம். எஞ்சின் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடாமல் தடுப்பது, சூட்டுக்கேற்ப நீர்வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் வால்வு ஒன்றுதான். பல எஞ்சின்களில் அது ஏறக்குறைய 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் அளவில் திறக்கிறது. கார் எஞ்சின் ஓடும் சூட்டோடு ஒப்பிட்டால் இதுவே குறைவு.

ஸ்பார்க் பிளக்கின் முனையில் படியும் கரி தானாக எரிந்து போக வேண்டுமானால், அந்த முனை ஏறக்குறைய 450 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். நெடுநேர மெதுவோட்டத்தில் முனை அந்த அளவை எட்டுவதில்லை. கரி படியப் படிய, மின்சாரம் இடைவெளியைத் தாண்டிப் பொறியாக மாறாமல் கரியின் வழியாகவே கசிந்து போகிறது, பொறி வலுவிழக்கிறது, எரிய வேண்டிய பெட்ரோல்-காற்றுக் கலவை எரியாமல் மேலும் கரியைப் படிய வைக்கிறது. ஒன்று மற்றொன்றை வளர்க்கும் சுழல் இது.

பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் கொண்ட டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களில் இது இன்னும் கடுமையாகத் தெரியும். உள்ளே போகும் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் ஏறத்தாழ மூடியிருக்கும்போது சிலிண்டருக்குள் புதுக் கலவை குறைவாகவே வருகிறது. எரிந்த பழைய வாயு முழுவதும் வெளியேறாமல் உள்ளேயே தங்கிவிடுகிறது. அதனால் சில சுற்றுகளில் தீப்பற்றாமல் போகிறது. எரியாத பெட்ரோலும் அதில் கலந்த ஆயிலும் எஞ்சினின் சுழல்தண்டு இருக்கும் கிராங்க் அறையின் அடியில் துளித்துளியாகச் சேர்கின்றன. மெதுவோட்டத்துக்குப் பிறகு திடீரென்று த்ராட்டிலைத் திறந்தால் எஞ்சின் திணறிப் பெரும் புகையைக் கக்குவது அந்தத் தேக்கம் ஒரேயடியாக மேலே ஏறுவதால்தான். பல ஆண்டுகள் இப்படியே ஓட்டினால் பிஸ்டன் ரிங்குகள் தம் பள்ளங்களிலேயே கரியால் ஒட்டிக்கொள்ளும். எஞ்சினின் அழுத்தம் குறையும். கயிற்றை இழுக்கும்போதே கைக்கு அது தெரியும்.

ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினில் புகை தெரியாது, திணறலும் குறைவு. எனவே அதன் தொல்லை கண்ணில் படாமலே வளர்கிறது. குளிர்ந்த சிலிண்டர் சுவரில் பட்ட பெட்ரோல் ஆவியாகாமல் ஈரமாகப் படிந்து, ரிங்குகளின் ஓரமாக வழிந்து ஆயிலில் கலக்கிறது. ஆயில் நீர்த்துப்போகிறது, அதே சமயம் அதன் மட்டம் உயர்கிறது.

ஒருமுறை குளிர்ந்த நீரில் மூன்று வாரங்கள் தொடர்ந்து மெதுவோட்டத்திலேயே என் எஞ்சினை ஓட்டியபின் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். மேல் கோட்டுக்கும் மேலே ஒரு விரற்கடை அளவுக்கு ஆயில் ஏறியிருந்தது. ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டதும், நடுவில் கருத்த புள்ளியும் அதைச் சுற்றி வெளிறிய வளையமுமாகப் பரவியது. மூக்கருகே கொண்டுபோனால் பெட்ரோல் வாடை தெளிவாக அடித்தது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பார்த்தபோது, அதன் வால்வுக்கும் இருக்கைக்கும் நடுவே நகத்தில் பாதி அளவுள்ள கிளிஞ்சல் துண்டு ஒன்று மாட்டியிருந்தது. வால்வு மூடவே முடியாமல் குளிர்ந்த நீர் எந்நேரமும் பாய்ந்துகொண்டிருந்திருக்கிறது. அந்தத் துண்டை எடுத்துவிட்டு ஆயிலையும் மாற்றியபின் மட்டம் மறுபடி உயரவில்லை. மெதுவோட்டத்தில் அதிகம் ஓட்டுகிறவர்கள் ஆயில் மட்டம் குறைகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, உயர்கிறதா என்றும் பார்க்க வேண்டும் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன். எஞ்சின் நேராக நிற்கும் நிலையில், நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்து அளவு பார்க்க வேண்டும். சாய்ந்திருக்கும் எஞ்சினில் குச்சி தவறான மட்டத்தைக் காட்டும்.

இடையிடையே சூடேற்றுவது

இதற்கான மருந்து எளிமையானது: எஞ்சினை அவ்வப்போது வேலை செய்ய விட வேண்டும். கார்புரேட்டர் உள்ள டூ-ஸ்ட்ரோக் எஞ்சினாக இருந்தால், இருபது முப்பது நிமிட மெதுவோட்டத்துக்கு ஒருமுறை, படகைத் தடையில்லாத திசையில் திருப்பி, த்ராட்டிலைப் படிப்படியாகத் திறந்து, 3,000 முதல் 4,000 சுற்றில் ஓரிரு நிமிடம் ஓட்டுங்கள். முதலில் திணறலும் நீலப்புகையும் வரும், பிறகு ஒலி சீராகும், புகை அடங்கும். அந்தச் சீரான ஒலி கேட்டபின் இன்னும் அரை நிமிடம் ஓட்டிவிட்டு வேகத்தைக் குறைக்கலாம். திடீரென்று முழுவதும் திறக்கக் கூடாது. தேங்கிய கலவையால் எஞ்சின் மூச்சுமுட்டி நின்றுபோகும், அல்லது படகு குதித்துக் கிளம்பி நின்றுகொண்டிருப்பவரைச் சாய்த்துவிடும். தூண்டில் கயிறுகள் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளாமலும், படகில் இருப்பவர்களிடம் சொல்லாமலும் இதைச் செய்ய வேண்டாம்.

எரிபொருளைத் துல்லியமாகச் செலுத்தும் ஊசிமுறை (ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்) கொண்ட எஞ்சின்களுக்கு இவ்வளவு அடிக்கடி தேவைப்படாது. நான் அவற்றை மணிக்கு ஒருமுறை சில நிமிடங்கள் நடுத்தர வேகத்தில் ஓட்டுகிறேன். கரை திரும்பும் வழியில் பதினைந்து இருபது நிமிடமாவது தொடர்ந்து பயண வேகத்தில் வருகிறேன். ஆயிலில் கலந்த பெட்ரோல் ஆவியாகிப் போக வேண்டுமானால் ஆயில் முழுவதும் சூடாக வேண்டும். அதற்கு ஒரு நிமிட ஓட்டம் போதாது. வலை விரிக்கும் இடம் கரைக்கு அருகிலேயே இருந்து, போக வர ஐந்தே நிமிடம் ஆகும் நிலையில் இருப்பவர்கள், கையேட்டில் 100 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்லியிருந்தாலும் அதற்கு முன்பே மாற்றுவது நல்லது. ஒரு குப்பி ஆயிலின் செலவு ஒரு பேரிங்கின் செலவுக்கு முன் ஒன்றுமே இல்லை.

புது எஞ்சினை முதல் சில மணி நேரங்களில் நெடுநேரம் ஒரே மெதுவோட்டத்தில் விடவே கூடாது. ரிங்குகள் சிலிண்டரோடு பொருந்த, மாறி மாறி வரும் சுமை தேவை. அந்த எஞ்சினின் கையேடு சொல்லும் வேக வரிசையை அப்படியே பின்பற்றுங்கள்.

மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின்களுக்குத் தனி எச்சரிக்கை ஒன்று உண்டு. மண்ணெண்ணெய் பெட்ரோலைப் போல எளிதில் ஆவியாவதில்லை. எஞ்சின் சூடாக இருந்தால்தான் ஒழுங்காக எரியும். அதனால்தான் பெட்ரோலில் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறோம். நெடுநேரம் ஊர்ந்து செல்ல வேண்டியிருந்தால் பெட்ரோலுக்கே திரும்பிவிடுங்கள். நிறுத்துவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பும் பெட்ரோலில் ஓட்டிக் குழாயிலும் கார்புரேட்டரிலும் மீந்திருக்கும் மண்ணெண்ணெயை வெளியேற்றிவிடுங்கள்.

பிளக், ஆயில் கலவை, கார்புரேட்டர்

மெதுவோட்டத்துக்குப் பின் பிளக்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பதைப் போல எஞ்சினின் உடல்நிலையைச் சொல்லும் சோதனை வேறில்லை. முனையில் உள்ள வெள்ளைப் பீங்கான் இளம் காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் எல்லாம் நலம். விரலால் தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும் உலர்ந்த கரும்பொடி இருந்தால் கலவையில் பெட்ரோல் மிகுந்திருக்கிறது, அல்லது சூடு போதவில்லை. கருத்து, ஈரமாக, பிசுபிசுப்பாக இருந்தால் ஆயில் எரியாமல் தங்குகிறது. பல சிலிண்டர் எஞ்சினில் ஒரு பிளக் மட்டும் மற்றவற்றிலிருந்து மாறுபட்டிருந்தால், அந்தச் சிலிண்டரின் கார்புரேட்டரையோ இக்னிஷன் காயிலையோ பாருங்கள். மெதுவோட்டத்தின் பாதிப்பு எல்லாச் சிலிண்டர்களிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி தெரியும்.

கரி பிடிக்கிறதே என்று தாமாகவே அதிகச் சூட்டு வகைப் பிளக்கைப் போடுபவர்கள் உண்டு. மெதுவோட்டத்தில் அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் முழு வேகத்தில் அதே முனை பழுக்கக் காய்ந்து, பொறிக்கு முன்பே கலவையைப் பற்ற வைத்து, பிஸ்டனைத் துளைத்துவிடும். கையேட்டில் மாற்று வகை குறிப்பிடப்பட்டிருந்தாலன்றி இதைச் செய்ய வேண்டாம். மாற்றுப் பிளக்குகளையும் அவற்றுக்குரிய ஸ்பானரையும் உலர்ந்த டப்பாவில் எப்போதும் படகிலேயே வைத்திருங்கள்.

ஆயில் கலவையிலும் இதே போன்ற சபலம் வருவதுண்டு. பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஊற்றும் எஞ்சின்களில் 50-க்கு 1 என்பது பரவலான அளவு, அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி லிட்டர். புகை குறையட்டும் என்று ஆயிலைக் குறைத்தால் பேரிங்குகள் காயும். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று கூட்டினால் கரி கூடும். உங்கள் எஞ்சினுக்குச் சொல்லப்பட்ட அளவை அளவுக் குவளையில் ஊற்றியே கலக்குங்கள். படகு எஞ்சினுக்கென்றே தயாராகும் டிசி-டபிள்யூ3 (TC-W3) தர ஆயிலை ஊற்றுங்கள். மோட்டார் சைக்கிளுக்கான டூ-ஸ்ட்ரோக் ஆயில் இதற்கு ஈடாகாது.

கார்புரேட்டரில் ஐட்லிங்குக்குரிய வழிகள்தாம் மிகவும் நுண்ணியவை. பழைய பெட்ரோல் ஆவியாகி விட்டுச்செல்லும் பிசின் முதலில் அடைப்பது அவற்றைத்தான். எனவேதான் இரண்டு மூன்று மாதம் சும்மா நின்ற எஞ்சின் வேகத்தில் நன்றாக ஓடியும் மெதுவோட்டத்தில் நின்றுபோகிறது. இத்தகைய எஞ்சினில் திருகுகளைத் திருப்பிச் சரிசெய்ய முயல்வது வீண். கார்புரேட்டரைக் கழற்றி, அதற்குரிய திரவத்தால் கழுவி, காற்றழுத்தத்தால் ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். கம்பியை விட்டுக் குத்தினால் அளவெடுத்துத் துளைத்த துவாரம் அகன்றுபோகும். பிறகு எந்தத் திருகும் அதைச் சரிசெய்யாது. நெடுநாள் நிறுத்தி வைப்பதற்கு முன் கார்புரேட்டரின் அடித் திருகைத் தளர்த்திப் பெட்ரோலை வடித்துவிட்டால் இந்த வேலையே வராது.

சுத்தமான கார்புரேட்டரில், ஐட்லிங்கில் பெட்ரோலின் அளவை மாற்றும், முத்திரையிடப்படாத கலவைத் திருகு இருந்தால், அதைச் சரிசெய்யும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதைக் கரையில், நியூட்ரலில், குளிர்ந்த எஞ்சினில் செய்துவிட்டுப் பிறகு அவதிப்படுகிறார்கள். படகைத் தண்ணீரில் இறக்கி, முன்னும் பின்னும் உறுதியாகக் கட்டி, எஞ்சினைப் பத்து நிமிடமாவது ஓட்டிச் சூடேற்றுங்கள். புரொப்பெல்லருக்கு அருகில் யாரும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு முன் கியரைப் போடுங்கள். தண்ணீரைத் தள்ளும் சுமை இருக்கும்போதுதான் உண்மையான ஐட்லிங் தெரியும். திருகை ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு மட்டும் திருப்பி, பத்துப் பதினைந்து விநாடி காத்திருந்து கேளுங்கள். பெட்ரோல் குறைந்துபோனால் எஞ்சின் கார்புரேட்டர் வழியாகத் தும்முவதுபோல் சத்தமிட்டுச் சட்டென்று நிற்கும். மிகுந்துபோனால் ஒலி சீரற்று உருண்டு உருண்டு வரும், புகை கூடும். இவை இரண்டுக்கும் நடுவில் மிகச் சீராக ஓடும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பெட்ரோல் மிகும் பக்கமாக அணுவளவு திருப்பி விடுங்கள். மிகக் குறைந்த பெட்ரோலில் மிக அழகாக ஐட்லிங் ஓடும் எஞ்சின், த்ராட்டிலைத் திறந்ததும் தடுமாறும். பிறகு ஐட்லிங் வேகத்தைக் கையேட்டில் உள்ள எண்ணுக்குச் சுற்றுமானியைப் பார்த்து அமையுங்கள். காது இந்த இடத்தில் ஏமாற்றும்.

தண்ணீரும் மின்சாரமும்

மெதுவோட்டத்தில் நீர்ப் பம்பின் ரப்பர் இம்பெல்லர் தன் இதழ்களை வளைத்து நீரைப் பிழிந்து அனுப்புகிறது. வேகத்தில் அந்த இதழ்கள் சுவரை விட்டு விலகி, சுழற்சியின் விசையாலேயே நீரை வீசுகின்றன. ஆகவே இதழ் தேய்ந்த அல்லது விறைத்துப்போன பம்பு வேகத்தில் ஒருவாறு சமாளித்தாலும் மெதுவோட்டத்தில் கைவிட்டுவிடும். எஞ்சின் மூடிக்குக் கீழே பின்புறத் துளையிலிருந்து பீறிடும் நீர்த்தாரையை அடிக்கடி பாருங்கள். ஐட்லிங்கில் அது மெலிந்துதான் இருக்கும். ஆனால் விடாமல் வர வேண்டும். தாரையில் கையை நீட்டிப் பாருங்கள்: வெதுவெதுப்பாக இருக்கலாம், கை பொறுக்காத சூடாக இருக்கக் கூடாது. தாரை நின்றுவிட்டால் உடனே எஞ்சினை நிறுத்தி, முதலில் அந்தத் துளையைத் தடித்த தூண்டில் நரம்பால் குத்திப் பாருங்கள்; பல நேரங்களில் உப்போ மணலோ அதை மட்டுமே அடைத்திருக்கும். அதன் பிறகு கீழே நீர் உறிஞ்சும் சல்லடையில் பாசியோ பாலித்தீன் பையோ ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஆழம் குறைந்த இடத்தில் எஞ்சினைச் சாய்த்து ஓட்டும்போது அந்தச் சல்லடை எப்போதும் நீருக்குள் இருக்க வேண்டும். கலங்கிய சேற்று நீரை நெடுநேரம் உறிஞ்ச விட்டால் இம்பெல்லர் ஒரே பருவத்தில் தேய்ந்துவிடும்.

மின்சாரத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஐட்லிங்கில் எஞ்சின் பேட்டரிக்குத் தரும் மின்சாரம் அதன் முழுத் திறனில் ஒரு பகுதி மட்டுமே. மீன் காட்டும் கருவி, விளக்கு, ரேடியோ, இரை மீன் தொட்டியின் பம்பு எல்லாம் சேர்ந்து வாங்குவது வருவதைவிட அதிகமாக இருந்தால், எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும்போதும் பேட்டரி இறங்கிக்கொண்டிருக்கும். 12 வோல்ட் அமைப்பில் மானி 13-க்கு மேல் காட்டினால் சார்ஜ் ஏறுகிறது, 12.5-க்குக் கீழே மெல்ல இறங்கிக்கொண்டிருந்தால் தேவையற்றதை அணையுங்கள், அல்லது சற்று வேகத்தைக் கூட்டுங்கள்.

ஐட்லிங்கை விடவும் மெதுவாகப் போக

எஞ்சினின் ஐட்லிங் வேகமே தேவைக்கு மீறியதாக இருக்கும் நிலை பெரிய எஞ்சின்களில் சாதாரணம். கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் தெரியும். எஞ்சின் 700 சுற்றில் ஓடுகிறது, கியர் விகிதம் 2-க்கு 1 என்று கொண்டால், புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 350 சுற்று சுற்றும். 13 அங்குலப் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) உள்ள புரொப்பெல்லர் வழுக்கலே இல்லாவிட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 115 மீட்டர், அதாவது மணிக்கு 7 கிலோமீட்டரை ஒட்டி நகர்த்தும். அதுவே 10 அங்குலப் பிட்ச்சானால் மணிக்கு 5.3 கிலோமீட்டர். வழுக்கலால் இரண்டும் குறையும் என்றாலும் விகிதம் மாறாது. அதற்காகப் பிட்ச்சை மிகவும் குறைக்கவும் முடியாது. ஒவ்வோர் அங்குலம் குறையும்போதும் முழு வேகத்தில் எஞ்சின் ஏறக்குறைய 150 முதல் 200 சுற்று கூடுதலாக ஓடும். கையேடு சொல்லும் உச்ச வரம்பைத் தாண்டாத அளவில்தான் மாற்றலாம்.

ஐட்லிங் திருகை இறக்கி எஞ்சினை 500 சுற்றுக்குக் கொண்டுபோவது தவறான வழி. சூடு இன்னும் குறையும். கியர் போடும்போதெல்லாம் நின்றுபோகும். அவசரத்தில் ரிவர்ஸ் தேவைப்படும் கணத்திலும் நின்றுபோகும். வேகத்தைப் பிடித்து நிறுத்தும் பொருளைப் படகில் கட்டுவது மேல். துணியால் ஆன நீர்க்குடையையோ, அடியில் துளையிட்ட வாளியையோ இழுத்துச் செல்லும்போது எஞ்சின் 1,000, 1,200 சுற்றில் நிம்மதியாக ஓடும். சூடும் ஏறும், சார்ஜும் ஏறும், படகும் திசை மாறாமல் நேராகப் போகும். அதை முன்பக்கக் கட்டையில் கட்டுங்கள். கயிறு முழுவதும் நீண்டாலும் புரொப்பெல்லரை எட்டாத அளவுக்கே இருக்கட்டும். முடிச்சு போடும் முன் கயிற்றைப் படகின் ஓரமாக விரித்து அளந்து பாருங்கள். ரிவர்ஸ் போடும் முன் அதை மேலே தூக்கிவிட வேண்டும். புரொப்பெல்லருக்குப் பின்னால் இறக்கும் தடுப்புத் தகடும் இதே வேலையைச் செய்யும், ஆனால் அது இறங்கியிருப்பதை மறந்து வேகமெடுத்தால் தகடு வளையும் அல்லது முறியும்.

மெதுவோட்டமே அன்றாட வேலை என்றால், பெரிய எஞ்சினுக்குப் பக்கத்தில் 6 முதல் 10 குதிரைத் திறன் கொண்ட சிறு எஞ்சின் ஒன்றைப் பொருத்துவதுதான் என் பார்வையில் சிறந்த தீர்வு. அதே மெதுவேகத்துக்குச் சிறு எஞ்சின் 2,000 சுற்றுக்கு மேல் உழைக்க வேண்டியிருக்கும். அந்த உழைப்பே அதைச் சூடாகவும் சுத்தமாகவும் வைத்திருக்கும். பெரியது பழுதாகும் நாளில் கரை சேர்ப்பதும் அதுவே.

கையாளும் முறை

கியரை மெல்ல மெல்லத் தள்ளுவதுதான் மென்மை என்று நினைத்துப் பலர் கியரைக் கெடுத்துக்கொள்கிறார்கள். உள்ளே கியரை இணைக்கும் டாக் கிளட்ச்சின் பற்கள் சுற்றிக்கொண்டிருக்கும் கியரின் பற்களோடு கோத்துக்கொள்ள வேண்டும். தயங்கித் தயங்கித் தள்ளினால் அந்தப் பற்கள் கடகடவென்று ஒன்றையொன்று உரசி, முனை மழுங்குகின்றன. மழுங்கிய பற்கள் பிற்பாடு சுமையேறும்போது தாமாகவே விலகித் துள்ளும். எஞ்சினை முழுவதும் ஐட்லிங்குக்கு இறக்கி, ஒரு நொடி பொறுத்து, ஒரே அசைவில் உறுதியாகப் போடுங்கள். "டக்" என்ற ஒரே ஒலி கேட்க வேண்டும். முன் கியரிலிருந்து ரிவர்ஸுக்குப் போகும்போது நியூட்ரலில் சற்று நிறுத்துங்கள்.

படகுத்துறையில் நெருங்கும்போது கியரில் சில விநாடி, நியூட்ரலில் சில விநாடி என்று மாற்றி மாற்றி நகர்த்துவதே முறை. அவுட்போர்டு எஞ்சினில் தள்ளு விசை இருக்கும்போதுதான் திருப்பும் விசையும் இருக்கிறது. நியூட்ரலில் கைப்பிடியைத் திருப்பினாலும் படகு ஏறக்குறைய தன் போக்கில்தான் போகும். எனவே முதலில் திருப்புங்கள், பிறகு கியரைப் போடுங்கள். திரும்பும்போது முன்பகுதி திரும்புவதைவிடப் பின்பகுதி வெளியே வீசுவது அதிகம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். காற்று தள்ளும் பக்கத்தை முன்கூட்டியே பார்த்து, அதை எதிர்த்து நெருங்குங்கள். மெதுவோட்டத்தில் படகு இடமும் வலமும் அலைவது இயல்பு. ஒவ்வோர் அலைவுக்கும் கைப்பிடியைப் பெரிதாகத் திருப்பினால் அலைச்சல் கூடும். எஞ்சினை முழுவதும் கீழே இறக்கி, கைப்பிடியைச் சிறிது நேரம் அசையாமல் பிடித்தால் படகு தானே நேராகும். ரிவர்ஸில் போகும்போது, கையால் சாய்க்கும் சிறு எஞ்சின்களில் பின்னோட்டப் பூட்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் எஞ்சின் தானாகவே மேலே எழும்பிவிடும். வேகமாகப் பின்னால் போனால் பின்பலகை வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறும்.

பாதுகாப்பில் இரண்டைத் தவிர்க்கவே கூடாது. முதலாவது, எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு மெதுவோட்டத்திலும் ஓட்டுபவரின் உடலோடு இணைந்திருக்க வேண்டும். மெதுவாகப் போகும்போதுதான் ஆட்கள் எழுந்து நிற்கிறார்கள், குனிகிறார்கள், விழுகிறார்கள். நீரில் யாராவது இருந்தால் நியூட்ரல் போதாது, எஞ்சினையே நிறுத்துங்கள். இரண்டாவது புகை. வேகத்தில் புரொப்பெல்லரின் நடுவழியாக நீருக்கடியில் போகும் புகை, மெதுவோட்டத்தில் நீரின் அழுத்தத்தைத் தள்ள வலுவில்லாமல், நீர்மட்டத்துக்கு மேலுள்ள சிறு துளை வழியாக வெளியே வருகிறது. பின்காற்று வீசினால் அது நேராகப் படகுக்குள் வரும். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியும் குமட்டலும் வந்தால் கடல்நோய் என்றே தவறாக எண்ணத் தோன்றும். திரைச்சீலைகளைத் திறந்து விடுங்கள், திசையை மாற்றிக் காற்றைப் பக்கவாட்டில் வாங்குங்கள், குழந்தைகளைப் பின்பலகை அருகில் உட்கார வைக்காதீர்கள்.

கரை திரும்பியபின் எஞ்சினை உடனே அணைக்காமல், இரண்டு மூன்று நிமிடம் ஐட்லிங்கில் ஓடவிட்டுப் பயணச் சூட்டைத் தணியுங்கள். பிறகு நல்ல தண்ணீரால் உள்வழிகளைக் கையேடு சொல்லும் முறைப்படி அலசுங்கள். அன்று மெதுவோட்டத்தில் ஓடிய நேரத்தையும், ஆயில் குச்சி காட்டிய மட்டத்தையும் ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதி வையுங்கள். மட்டம் இரண்டு முறை தொடர்ந்து உயர்ந்திருந்தால் மூன்றாம் முறை கிளம்புவதற்கு முன் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பாருங்கள்.